சோஃபக்ளீஸுக்காகக் கடிதம் எழுதியவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘இக்நியூட்டே’ (தடம் தேடுவோர்) நாடகத்தில் மிஞ்சிய வரிகளைத் தமிழாக்கும் வேலை ஒருவழியாக முடிந்து, புத்தகம் அச்சுக்குப் போகிறது. அட்டையில் என் பெயர் ஒன்றுதான் வரும். அது நியாயமில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருப்பதால், எல்லோரும் பார்க்க இந்த மடலை எழுதுகிறேன்.

நாடகத்தில் அப்போலோ தேவனின் மாடுகள் காணாமல் போகின்றன. கிழட்டு சைலீனஸும், பாதி மனிதன் பாதி விலங்கான சாட்டிர்களின் கூட்டமும் குளம்படித் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு குகைக்கு வந்து சேர்கிறார்கள். உள்ளேயிருந்து அதுவரை யாரும் கேட்டிராத ஓர் ஒலி வருகிறது. குழந்தைத் தேவன் ஹெர்மிஸ் ஆமை ஓட்டில் நரம்பு கட்டி யாழ் செய்திருக்கிறான். அப்புறம் கொஞ்ச தூரத்தில் ஏடு அறுந்துவிடுகிறது. இவ்வளவாவது கிடைத்தது எகிப்தில், ஆக்சிரிங்கஸ் ஊரின் பழைய குப்பைமேடுகளிலிருந்து. அங்கே தோண்டியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களான கிரென்ஃபெல்லும் ஹன்ட்டும். கிரென்ஃபெல் நோயில் விழுந்த காலத்தில் ஹன்ட் தனியாளாகப் பதிப்பு வேலையைத் தாங்கினார். 1912இல் அங்கே கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளின் வரிசையில் அவர் கொண்டுவந்த ஒன்பதாம் தொகுதியில்தான் இந்த நாடகம் முதன்முதலில் அச்சானது. பொடிந்துபோன பாப்பிரஸில் பாதிச் சொல்லாக நின்றவற்றை நிரப்ப பெர்லினிலிருந்து ஜெர்மன் கிரேக்க அறிஞர் விலமோவிட்ஸ் கைகொடுத்தார். அவர் சொன்ன பாடங்களுக்கு, அதாவது அந்த இடத்தில் இருந்திருக்கலாம் என்று அவர் கருதிய சொற்களுக்கு, பக்கத்தில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

அந்தப் பாடபேதக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த என் கிரேக்க ஆசிரியைக்கு முதல் நன்றி. பக்கத்தின் அடியில் லத்தீனில் நெருக்கி அச்சிட்ட அந்த வரிகளை நான் தாண்டப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்துவார். “இந்தச் சொல்லை யார் கொடுத்தார்கள், பாருங்கள்” என்பார். ஒவ்வொரு சுருக்கப் பெயருக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார், பல சமயம் ஒரு கடிதமும் இருக்கிறது என்று அப்படித்தான் பிடிபட்டது.

சோஃபக்ளீஸின் தொலைந்த நாடகங்களில் மிஞ்சிய துணுக்குகளைப் பதிப்பித்த பியர்சனின் 1917ஆம் வருடத் தொகுதிகளைத் தேடி எடுத்துத் தந்த நூலகருக்கு அடுத்த நன்றி. அந்தப் பதிப்பின் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ரிச்சர்ட் ஜெப் 1883 முதல் 1896 வரை சோஃபக்ளீஸின் ஏழு முழு நாடகங்களையும் ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார். சிதறிக் கிடந்த துணுக்குகள்தான் பாக்கி. 1905இல் ஜெப் இறந்தார். வேலை வால்டர் ஹெட்லமின் கைக்கு வந்தது. 1908இல் அவரும் போய்விட்டார், வயது 42தான். இருவரும் விட்டுச்சென்ற தாள்களை வைத்துக்கொண்டு மூன்றாவதாக உட்கார்ந்தவர் ஏ. சி. பியர்சன். இதற்கு நடுவே, ஹெட்லம் முடிக்காமல் விட்ட, ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகப் பதிப்பையும் 1910இல் பியர்சனே வெளிக்கொண்டுவந்தார். துணுக்குகளின் மூன்று தொகுதிகள் போர்க்காலத்தில் வந்தபோது தலைப்புப் பக்கத்தில் மூன்று பெயர்களும் இருந்தன. குறிப்புகளுக்குள்ளும் ஜெப் சொன்னது எது, ஹெட்லம் சொன்னது எது என்று தெரியும்படி வைத்திருக்கிறார். செத்தவர் வந்து கேட்கப்போவதில்லை. அப்படியிருந்தும் அவர்கள் பங்கை அவர்களுக்கே எழுதிக் கொடுத்த நேர்மைக்காகவே பியர்சனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜெர்மன் தெரிந்த நண்பருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. விலமோவிட்ஸ் 1894 முதல் 1930 வரை கில்பர்ட் மரேக்கு எழுதிய கடிதங்களைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக் காட்டியவர் அவர். மரே ஆக்ஸ்ஃபோர்டுக்காக இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான யூரிப்பிடிஸைப் பதிப்பித்தவர், விலமோவிட்ஸைவிட வயதில் இளையவர். 1908இல் விலமோவிட்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவாற்ற வந்தபோது அதை ஆங்கிலத்தில் பெயர்த்ததும் மரேதான். 1914இல் போர் வந்தது. பிரிட்டன் பக்க நியாயத்தைச் சொன்ன எழுத்தாளர் அறிக்கையில் மரே கையெழுத்திட்டார், ஜெர்மன் அறிஞர்கள் 93 பேரின் அறிக்கையில் விலமோவிட்ஸ் கையெழுத்திட்டார். அதே வருடம் அக்டோபரில் விலமோவிட்ஸின் மகன் டிக்கோ கிழக்குப் போர்முனையில் இறந்தான். சோஃபக்ளீஸின் நாடக உத்தி பற்றி அவன் எழுதிவைத்ததை எர்ன்ஸ்ட் காப் ஒழுங்குபடுத்த, தந்தையும் ஒரு பகுதி எழுதிச் சேர்க்க, அது 1917இல் நூலானது. பியர்சனின் தொகுதிகள் எதிரி நாட்டில் வெளிவந்த அதே வருடம். போருக்குப் பிறகு மரேக்கும் விலமோவிட்ஸுக்கும் கடிதம் மறுபடி ஓடியது. அந்தக் கையெழுத்துகளை நான் எளிதாக மன்னிக்க மாட்டேன், ஆனால் திரும்பவும் பேனாவை எடுத்த மனசு பெரியது.

முன்பின் தெரியாத எனக்கு, கேட்ட ஒவ்வொரு வரிக்கும் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சலில் விளக்கம் அனுப்பிய பேராசிரியருக்கு நன்றி. விடுபட்ட இடங்களுக்கான சதுர அடைப்புக்குறிகளையும் புள்ளிகளையும் தமிழ் வரிகளில் குழப்பமில்லாமல் உட்கார வைத்த பக்க வடிவமைப்பாளருக்கும், மெய்ப்புப் பார்த்த தங்கைக்கும் நன்றி. என் யாழ்ப் பகுதியை ஒத்துக்கொள்ளாமல் கடைசிவரை வாதாடிய அண்ணன், உங்கள் பாடத்தை அடிக்குறிப்பில் உங்கள் பெயரோடு போட்டிருக்கிறேன்.

பிரதி அனுப்ப முகவரியை எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டு எந்த வரி சரியில்லை என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள். மறுபதிப்பு வந்தால் திருத்தமும் வரும், திருத்தியவர் பெயரும் வரும்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்