கிரீன்ஸ்பர்க் ஊராருக்கும் துணைநின்ற அனைவருக்கும் ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம்.

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக, இங்குள்ள வானிலை அபாயங்களைப் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் தொகுத்து முடித்திருக்கிறேன். அதற்குத் துணைநின்றவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்வதே இம்மடலின் நோக்கம். கடற்கரை மாவட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களில் பலருக்கு, நாள்கணக்கில் முன்னறிவிப்பு வந்த பிறகு கரையைக் கடக்கும் வங்கக் கடல் புயல்தான் பழக்கம். பிற்பகலில் திரண்டு, இரவுச் சாப்பாடு முடிவதற்குள் ஓர் ஊரையே இல்லாமல் ஆக்கிவிடும் டொர்னாடோ என்னும் சுழற்காற்று எங்கள் அனுபவத்தில் இல்லாதது. ஆகவே பொதுவான அறிவுரைகளை அடுக்குவதைவிட, ஒரே ஊரின் வரலாற்றை நெருக்கமாகச் சொல்வது பயன்தரும் என்று கருதி, விச்சிட்டா நகருக்கு மேற்கே சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிரீன்ஸ்பர்க்கைத் தேர்ந்துகொண்டேன்.

2007 மே 4 அன்று இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு, சுமார் 1,400 பேர் வாழ்ந்த அவ்வூரின் மீது ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் அகலமுள்ள டொர்னாடோ ஏறிச் சென்றது. ஊரின் அகலத்தையே மிஞ்சிய அந்தச் சுழலில் காற்றின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் அளவில் இருந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. டொர்னாடோ விளைவித்த சேதத்தைக் கொண்டு அதன் வலிமையைத் தரம்பிரிக்கும் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல் அவ்வாண்டு பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் உச்சநிலையான ஐந்தாம் நிலையில் வகைப்படுத்தப்பட்ட முதல் டொர்னாடோ இதுவே. ஊரில் நூற்றுக்கு 95 பங்கு அழிந்தது, பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அழிவின் அளவையும் இழந்த உயிர்களின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும், மற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்வி எழாமல் இருக்காது. கையேடு முழுவதும் அந்தக் கேள்விக்கான விடையைத் தேடித்தான் செல்கிறது.

அந்த விடையைத் தந்தவர்களுள் முதலாவதாக டாட்ஜ் சிட்டியில் உள்ள தேசிய வானிலைச் சேவை அலுவலகத்தாருக்கு நன்றி. மின்னல் வெளிச்சத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த சுழலை ரேடாரிலும் களப் பார்வையாளர்களின் தகவல்களிலும் பின்தொடர்ந்து, வழக்கமான எச்சரிக்கையோடு நில்லாமல் கிரீன்ஸ்பர்க்கின் பெயரைச் சொல்லியே அவசரநிலை அறிவித்தவர்கள் அவர்கள். அபாயச் சங்கு ஒலித்து ஏறக்குறைய இருபது நிமிடங்கள் கழித்தே காற்று ஊரைத் தொட்டது. அன்றைய வரைபடங்களையும் ஆய்வறிக்கைகளையும் எவரும் படிக்கும்படி அவர்கள் வைத்திருப்பதால்தான், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றும் தென்மேற்கின் வறண்ட காற்றும் கேன்சஸ் சமவெளியில் எப்படிச் சந்திக்கின்றன என்பதையும், பொழுது சாய்ந்த பின் தரைக்குச் சற்று மேலே வலுக்கும் தெற்குக் காற்று இரவுப் புயல்களுக்கு ஏன் உரமாகிறது என்பதையும் என்னால் எளிய தமிழில் விளக்க முடிந்தது.

யூடால் என்னும் சிற்றூரைப் பற்றி எனக்கு எடுத்துச் சொன்ன ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் கடமைப்பட்டுள்ளேன். விச்சிட்டாவுக்குத் தென்கிழக்கே உள்ள அவ்வூர், 1955 மே 25 இரவு எந்த எச்சரிக்கையும் சென்று சேராத நிலையில் தாக்கப்பட்டது. கிரீன்ஸ்பர்க்கைவிடச் சிறிய அந்த ஊரில் 80 பேர் மாண்டனர். இவ்விரண்டு இரவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் எச்சரிக்கை முறைகளுக்காக இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் செய்யப்பட்ட உழைப்பின் மதிப்பு விளங்கும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் சொன்னபடியே அதைத் தனி அத்தியாயமாக்கினேன். கையேட்டில் மிக முக்கியமான பகுதி அதுவே என்பது என் கருத்து.

தம் வீட்டு நிலவறையைத் திறந்து காட்டிய கிரீன்ஸ்பர்க் மூதாட்டிக்கு எப்படி நன்றி சொல்வேன்! படிக்கட்டுக்கு அடியில் ஒரு மரத்தட்டு; அதில் கைவிளக்கு, பேட்டரியில் இயங்கும் வானொலி, குடிநீர், பேரப்பிள்ளைகளின் சைக்கிள் தலைக்கவசங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி கனத்த காலணி. காலணி எதற்கு என்று கேட்டேன். மேலே ஏறி வரும்போது தரை இருக்காது, கண்ணாடியும் ஆணியும்தான் இருக்கும் என்றார். எத்தனையோ அரசுத் துண்டறிக்கைகளைப் படித்திருந்தும் இது என் மனத்தில் பதிந்ததில்லை. இப்போது அது கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நிலவறை இல்லாத அடுக்ககங்களிலும் நகரும் வீடுகளிலும் குடியிருப்போர் சங்கு ஒலிப்பதற்கு முன்பே போக வேண்டிய இடத்தை முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

கிரீன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய கிணற்று அருங்காட்சியகத்தார் எனக்குக் காட்டிய பொறுமையை மறக்க இயலாது. 1887-88 ஆம் ஆண்டுகளில் கையாலேயே தோண்டப்பட்ட, 109 அடி ஆழமும் 32 அடி விட்டமும் கொண்ட அக்கிணற்றின் மேலிருந்த பழைய அருங்காட்சியகம் டொர்னாடோவில் அழிந்து, 2012 இல் புதிதாகத் திறக்கப்பட்டது. ஊரைக் கைவிடாமல் அதே இடத்தில் எழுப்பியதும், பெரிய பொதுக் கட்டடங்களை எரிசக்தியைச் சிக்கனப்படுத்தும் உயர்ந்த தரத்தில் கட்டியதும், பத்துக் காற்றாலைகளை நிறுவியதும் அங்கே பதிவாகியுள்ளன. ஊதியமின்றி வந்து வீடு கட்டிக்கொடுத்த மென்னோனைட் என்னும் கிறித்தவப் பிரிவினரின் பேரிடர்ச் சேவையினரைப் போன்றோரின் உழைப்பையும் இங்கே வணக்கத்துடன் குறிப்பிடுகிறேன். ஆனாலும் ஊரின் மக்கள்தொகை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 2020 கணக்கெடுப்பில் அது எண்ணூறைக்கூட எட்டவில்லை. இந்த உண்மையை மறைக்காமல் எழுதும்படி சொன்னவர்கள் ஊராரே என்பதால் அவர்கள் மீதான மதிப்பு எனக்கு இன்னும் கூடியது.

டொர்னாடோ ஒன்றையே எழுதிக்கொண்டிருந்த என்னைத் தடுத்து, புல்வெளித் தீயைச் சேர்க்கச் சொன்ன தன்னார்வத் தீயணைப்பு வீரருக்கும் நன்றி. வறண்ட மார்ச் மாதக் காற்றில், 2016 இலும் 2017 இலும் அண்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலம் கருகியதும், மாடுகளும் வேலிகளும் வீடுகளும் பறிபோனதும் அவர் சொல்லித்தான் எனக்கு முழுமையாகத் தெரிந்தது. 1935 ஏப்ரல் 14 ஆம் நாளின் புழுதிப் புயல், ஆலங்கட்டி மழை, பனிக்காற்று ஆகியவற்றைச் சுருக்கமாகவே சேர்க்க முடிந்தது.

மெய்ப்புப் பார்த்த நண்பர்களுக்கும், படங்களை வரைந்து தந்த பிள்ளைகளுக்கும், வரைவைப் படித்துவிட்டு அன்று மாலையே தங்கள் வீட்டு நிலவறையில் காலணிகளை எடுத்து வைத்ததாகத் தெரிவித்த குடும்பத்தாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கையேட்டை எவரும் விலையின்றிப் பெறலாம், படியெடுக்கலாம், தங்கள் ஊருக்கேற்ப மாற்றியும் வெளியிடலாம். அடுத்த வசந்தகாலத்துக்கு முன் திருத்தப் பதிப்பைக் கொண்டுவர எண்ணியிருப்பதால், பிழையோ விடுபாடோ கண்டால் தயவுசெய்து எழுதி அனுப்புமாறு வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
கையேட்டின் தொகுப்பாளர்