சாவி இருவரிடமும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் குடும்ப நாவல்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கல்லூரியில் பழகிய இருவர் பல வருடம் கழித்து ஒரே அலுவலகத்தில் வந்து சேரும் கதைகள் பெருகிவிட்டன என்பது உண்மைதான். இவற்றில் காதல் நன்றாகவே எழுதப்படுகிறது. வேலைதான் எழுதப்படுவதில்லை. நாயகன் எம்.டி., நாயகி அவனுடைய பி.ஏ.; அங்கே என்ன வேலை நடக்கிறது என்பது கடைசிப் பக்கம் வரை தெரிவதில்லை.

இருவரையும் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் உட்கார வைத்துப் பாருங்கள். மாறுதல் ஆணை வந்தால் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால் சந்திப்புக்குத் தற்செயலைத் தேட வேண்டியதில்லை. அவள் தலைமைக் காசாளர், அவன் புதிதாக வந்த அலுவலர் என்று வைத்துக்கொள்வோம். பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவளிடம், மற்றது அவனிடம். இரண்டும் சேராமல் பெட்டகம் திறக்காது. பேச்சு இருக்கிறதோ இல்லையோ, தினமும் காலையிலும் மாலையிலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றே தீர வேண்டும். மாலையில் பணத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். 100 நோட்டு ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டல். 500 ரூபாய்த் தாளில் ஒரு பண்டல் என்றால் 5 லட்சம். ஒரு பாக்கெட் குறைந்தாலும் கணக்கு நேராகும்வரை இருவரும் வீட்டுக்குப் போக முடியாது. பழைய மனஸ்தாபம் வெளிவர இதைவிட நல்ல நேரம் வேறென்ன வேண்டும்? மேலாளர் ஒருவரே நள்ளிரவில் பெட்டகத்தைத் திறந்து பணம் எடுத்துக் கொடுப்பதாக எழுதும்போது கதை அந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகிறது.

பிரிவுக்கும் விபத்தோ தவறிப்போன கைப்பேசியோ தேவையில்லை. முறைகேட்டுக்கு இடமுள்ளவை என வங்கி வகுத்திருக்கும் பணியிடங்களில் இருப்பவரை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. அலுவலக மின்னஞ்சல் தவிர வேறெந்தப் பணிக் கணினி வசதியையும் அந்த நாட்களில் அவர் தொடக் கூடாது. அப்படி ஒருநாள் அவள் சாவியை எழுத்துமூலம் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். மறுநாள் காலை அவன் அருகில் வேறொருவர் நிற்கிறார். ஓர் அத்தியாயம் முழுக்க எழுதலாம்.

அடிக்கடி வரும் இன்னொரு பிழை, நாயகி கணினியில் அவனுடைய கணக்கைத் திறந்து ரகசியம் அறிவது. யார், எப்போது, எந்தக் கணக்கைப் பார்த்தார் என்பது பதிவாகும். வேலைத் தேவையின்றிப் பார்ப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய தவறு.

எனக்கு மிகவும் கவலை தருவது, நாயகன் மேலதிகாரியாகி, பழைய உரிமையில் கையைப் பிடித்து இழுப்பதைக் காதலாகக் காட்டும் கதைகள். அவளுடைய ஆண்டுப் பணி மதிப்பீட்டை எழுதுபவன் அவன். 'வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் எந்த நிறுவனத்திலும் அத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவர் ஒரு பெண். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் உண்டு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். இந்த நாவல்களின் அலுவலகங்களில் இப்படியொரு குழு இருப்பதாகவே தெரிவதில்லை. அவன் உண்மையாக நேசிப்பவன் என்றால், முதலில் தனக்கு வேறு கிளைக்கு மாறுதல் கேட்டு எழுதட்டும். அதன் பிறகு அவளிடம் பேசட்டும்.

தங்கள் இதழ் அடுத்த தொடர்கதையைத் தேர்ந்தெடுக்கும்போது, கதை நடக்கும் துறையில் வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்,
திருச்சி.