அந்த அறைச் சாவி: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர் ஐயாவுக்கும் கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பேராசிரியர் ஐயா ஞாயிறுதோறும் உட்கார்ந்து சபையாருக்குச் சட்ட ஆலோசனை சொல்லிவந்த, பாரிஷ் ஹாலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை பூட்டப்பட்ட விவரத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பூட்டியதே நீங்கள்தான். சாவியைப் பேராசிரியர் ஐயாவிடம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி அவரிடம் பேச வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன். அறை இல்லாததால் வேப்பமரத்தடியில்தான் பேச வேண்டும். அதை ஒட்டியே வண்டி நிறுத்துமிடம். ஒவ்வொரு பைக் கிளம்பும்போதும் அந்தச் சகோதரி பேச்சை நிறுத்தினார். தெரிந்தவர்கள் கடந்துபோனால், "பையன் காலேஜ் சீட்டுப் பத்திக் கேக்கறனுங்க" என்று தானாகவே சொன்னார். கையில் எதையோ காட்ட வந்தவர், காட்டாமலே சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். கடைசியில், "இன்னொரு நாளைக்கு வர்றனுங்கய்யா" என்று போய்விட்டார். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வழக்கில் நியாயம் இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடிந்திருந்தால், ஐயா அதைச் சொல்லி அன்றைக்கே மனுவும் எழுதிக் கொடுத்திருப்பார்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? அவிநாசி வழியாகப் பஸ் ஏறி கோவைக்குப் போய், பணி ஓய்வு பெறும் வரை சட்டம் சொல்லிக் கொடுத்தவர். நானும் அவரிடம் படித்தவன்தான். நோட்ஸை நம்பாதே, சட்டப் பிரிவையே வாய்விட்டுப் படி என்பார். ஞாயிறு பள்ளியில் வசனம் சொல்லிக் கொடுக்கும்போதும் அதே கண்டிப்பு. ஓய்வுக்குப் பிறகு பலர் கோர்ட் பக்கம் போய்ச் சம்பாதிக்க, இவர் ஞாயிற்றுக்கிழமையைச் சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். செக் பவுன்ஸ் ஆன ஜாப் ஒர்க்காரர்கள் எத்தனை பேர் அந்த அறைக்கு வந்து, பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனார்கள்! அப்போதெல்லாம் யாருக்கும் தொந்தரவாகத் தெரியவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எண்ணாகமம் 27-ஐ எடுத்து, செலொப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பன் சொத்தில் மோசேயிடம் பங்கு கேட்ட கதையைச் சொன்னாரே, அதற்குப் பிறகுதான் தொந்தரவு தொடங்கியது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி பிள்ளைகளுக்குச் சரிசமம், மகன் மகள் என்ற பேதமில்லை. திருவிதாங்கூர்ப் பக்கத்துப் பெண்களுக்காக மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-ல் வாங்கிய உரிமை, நம் கோயமுத்தூர்ச் சீமையில் முன்பே இருந்ததுதான். 'சீர் செஞ்சாச்சு, அதோட சரி' என்று நாம்தான் மூடி வைத்தோம். பங்கைப் பற்றி விசாரிக்க வந்தவர்களில் சிலர் யார் வீட்டுப் பெண்கள் என்பதும் சபைக்குத் தெரியும்.

சபைக்குள் கோர்ட் கூடாது என்று 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டினீர்கள். சரி, எட்டாம் வசனத்தையும் படித்தீர்களா? சகோதரருக்கே அநியாயம் செய்து நஷ்டப்படுத்துகிறவர்களைப் பவுல் அங்கேதான் கண்டிக்கிறார்.

அறையில் இப்போது அறுப்பின் பண்டிகைக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. வெயில் படாமல் சௌகரியமாக இருக்கின்றன. ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் கூவி எடுக்கிற சபைக்கு, நாற்காலி வைக்க ஒரு தகர ஷெட் போட முடியாதா? ஹாலுக்குப் பெயிண்ட் அடித்த கணக்கே இன்னும் சபைக்கு வரவில்லை... அதை விடுங்கள். கோபத்தில் எங்கோ போகிறேன், மன்னிக்க வேண்டும்.

பேராசிரியர் ஐயா உங்களிடம் வந்து கேட்க மாட்டார். அவர் சுபாவம் அது. அதனால் நாங்கள் கேட்கிறோம். அறைச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் போதும். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளையிடம் கொடுத்து வைத்தால் நாங்களே திறந்து, கூட்டிப் பெருக்கி, பூட்டித் தருகிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவரிடம் சட்டம் படித்த சபையார் ஒருவர்