காட்டுக்கு அனுப்பிய தாய்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நீ மேடை அமைக்கும் 'ஹான்சலும் கிரெட்டலும்' இசை நாடகத்தின் பதிவை முழுவதும் கேட்டுவிட்டேன். அந்தக் காட்டை வரைவது என் மகள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்; அதை உன்னிடமிருந்து அறியாமல் சித்தி மூலம் அறிந்ததுதான் வருத்தம். வேளைக்குச் சாப்பிடு. ஒத்திகை முடிந்து இரவில் தனியாக வராதே.

இந்த நாடகத்தின் வரிகளை எழுதிய அடெல்ஹைட் வெட்டெ, 1890-இல் தம் பிள்ளைகள் வீட்டில் நடிப்பதற்காகச் சில பாடல்களுக்கு மெட்டமைத்துத் தரும்படி இசையமைப்பாளரான தம் அண்ணன் ஹம்பர்டிங்க்கிடம் கேட்கப்போய், அது வளர்ந்து வளர்ந்து 1893 டிசம்பர் 23 அன்று ஜெர்மனியின் வைமாரில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசைக்குழுவை நடத்த முழு இசை நாடகமாக அரங்கேறியது உனக்குத் தெரிந்ததே. நான் சொல்ல வந்தது ஹான்சல், கிரெட்டல் என்ற அந்தப் பிள்ளைகளின் தாயைப் பற்றி. நாடகத்துக்கு மூலமான கிரிம் சகோதரர்களின் கதையில் அவள் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் திட்டமிட்டவள். 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் பெற்றவளாக இருந்தவளைப் பிறகு மாற்றாந்தாயாக்கினார்கள். வெட்டெயோ அவளைப் பெற்றவளாகவே வைத்துக்கொண்டு, அந்தத் திட்டத்தை மட்டும் நீக்கிவிட்டார். வீட்டில் இருந்தது ஒரு குடுவைப் பால். வேலையை விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அடிக்கப் பாய்ந்த வேகத்தில் அவளே அதைத் தட்டி உடைத்துவிடுகிறாள். அந்த ஆத்திரத்தில்தான் ஸ்ட்ராபெர்ரி பறித்து வரச்சொல்லி அவர்களைக் காட்டுக்கு விரட்டுகிறாள். துடைப்பம் விற்ற காசில் சாமான் வாங்கிக்கொண்டு பாடியபடி வரும் தகப்பன், காட்டில் சூனியக்காரி இருப்பதைச் சொன்னதும், வீட்டைவிட்டு முதலில் ஓடுபவளும் அவள்தான். அவன் பின்னால்தான் போகிறான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வைகாசியில் நடந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அம்மா கைபேசியில் தினமும் நம் ஊர் மழையைப் பார்ப்பதில்லை, உங்கள் ஊர்ப் பனியைத்தான் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, "அந்த மெல்லிய சால்வையைத்தானே எடுத்துப்போனாள்" என்று என்னிடம் கேட்கிறாள், உன்னிடம் கேட்கமாட்டாள். கனமான கோட்டு ஒன்று வாங்கிக்கொள், பணம் அனுப்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அரங்கேற்றம் முடிந்ததும் எனக்கு அழைக்க வேண்டாம். அவளுடைய எண்ணுக்கு அழை. எந்நேரமானாலும் எடுப்பாள்.

அன்புடன்,
அப்பா