கணக்கைக் கூட்டத்துக்கு முன்னாலேயே ஊருக்குக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருபத்திரண்டு வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. அதற்குள் இதை நாலு பேர் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கிராம சபை பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும். போனதும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஓரத்தில் வரவு செலவு என்று ஒரு பிளக்ஸ் பேனர் கட்டியிருக்கும், அதில் 'குடிநீர்ப் பராமரிப்பு' என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு பெரிய தொகை, அவ்வளவுதான். தீர்மானங்களை ஒருவர் மூச்சுவிடாமல் வாசிப்பார். அப்புறம் மக்கள் எழுந்து 'தெருவிளக்கு எரியவில்லை, ரோடு போடுங்கள், புது போர்வெல் போடுங்கள்' என்று ஆளுக்கொரு மனு கொடுப்போம். இரண்டு வருடமாக எல்லாக் கூட்டத்திலும் 'புது போர்' மனு போனது, நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போன வருடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து ஒரு வேலை செய்தேன். ஒரு வெள்ளைத்தாளில், குடிநீருக்காகக் கடந்த ஒரு வருடம் ஊராட்சி செய்த செலவுக்கான பில்களின் நகல் வேண்டும் என்று எழுதி, பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வரவில்லை. அதற்குப் பதில் போன் வந்தது: "எதுக்குங்க கேக்குறீங்க, ஏதாவது பிரச்சினையா?" காரணம் கேட்கக்கூடாது என்று சட்டத்தின் 6-ம் பிரிவிலேயே இருக்கிறது. அதை மரியாதையாகச் சொன்னேன். மேல்முறையீடு எழுதிப் போட்ட பிறகுதான், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொல்லி, முப்பத்தெட்டு பக்கம் வந்தது. அதற்குள் ஊரில் பேச்சு, 'யார் மேல பகை, எலெக்‌ஷனுக்கு நிக்கப் போறாரா' என்று. என் மனைவியிடமே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

அந்த முப்பத்தெட்டு பக்கத்தையும் இரவு கடை அடைத்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். பில் பார்ப்பது எனக்குத் தினசரி வேலை. பொய்க் கணக்கு என்று சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. பதினோரு மாதத்தில் நாலு தடவை சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே எடுத்துக் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் காயில் கட்டக் கூலி, பைப்பைக் கழற்றி இறக்கக் கூலி, வண்டி வாடகை. அடுத்த கிராம சபையில் இதை வாசித்துவிட்டுத் தாள்களை அப்படியே கூட்டத்தில் கைமாற்றினேன். திருப்பூர் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிட்டயர் ஆகி வந்த மாமா ஒருவர், வழக்கமாக வாயே திறக்கமாட்டார், தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போர்ல தண்ணி இருக்குப்பா, கரண்ட்டுதான் இல்ல. சாயங்காலம் ஊரே லைட்டப் போட்டு டிவி பாக்குற நேரத்துல லோ வோல்டேஜ்ல மோட்டாரை ஓட்டுனா காயில் கருகாம என்ன செய்யும்?" என்றார். விடியற்காலை நாலு மணிக்கு ஓட்டுங்கள், வோல்டேஜ் குறைந்தால் தானே நிற்கிற மாதிரி ஸ்டார்ட்டர் மாட்டுங்கள் என்றும் சொன்னார். உடனே கீழத்தெரு அக்கா ஒருவர், "நாலு மணிக்கு விட்டா யாரு வந்து பிடிக்கிறது?" என்று சத்தம் போட, நாலு மணிக்குத் தொட்டியை மட்டும் நிரப்பிக்கொள்வது, ஆறரைக்குக் குழாயில் திறந்துவிடுவது என்று அங்கேயே முடிவானது. பத்து நிமிடம் ஆகியிருக்காது. அதற்கப்புறம் ஒன்பது மாதமாக மோட்டார் மேலே வரவில்லை. புது போர் மனுவும் யாரும் கொடுக்கவில்லை.

தகவல் கேட்பது திருடனைப் பிடிப்பதற்கு என்றே எல்லாரும் நினைக்கிறோம். அதிகாரிகளும் அப்படி நினைப்பதால்தான் பயப்படுகிறார்கள். கணக்கு கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தில் மனு மட்டும்தான் கொடுக்க முடியும், யோசனை சொல்ல முடியாது. அந்த மாமா இரண்டு வருடமும் அதே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார், அவர் கையில் பில் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு என்னைப் போல ஸ்டாம்பு ஒட்டி மாதக்கணக்கில் அலைய வேண்டிய அவசியமே இல்லை. 2005 தகவல் சட்டத்தின் 4-ம் பிரிவை எல்லாரும் ஒருமுறை படிக்க வேண்டும். யாரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவை என்று 17 வகைகளை அது சொல்கிறது. திட்டம், செலவு, மானியம் பெற்றவர் விவரம் எல்லாம் அதில் உண்டு. சட்டம் வந்த 120 நாளுக்குள் இதைச் செய்திருக்க வேண்டும். எப்படி வெளியிடுவது என்றும் எழுதியிருக்கிறது: உள்ளூர் மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் என்று. பலகைதான் முதலில் வருகிறது. நடப்பில் கிடைப்பது இணையத்தில் எங்கோ ஏற்றிய ஆங்கில பிடிஎஃப், அதுவும் ஸ்கேன் செய்த மங்கலான தாள். எங்கள் ஊர்ப் பலகையில் மூன்று வருடத்துக்கு முந்தைய டெங்கு நோட்டீஸ் இன்னும் இருக்கிறது.

இத்தனைக்கும் இந்தியாவிலேயே முதலில், 1997-லேயே, தகவல் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. விதிவிலக்குகள் ஏகப்பட்டது, ஆனாலும் போட்டோம். அதற்கும் முன்னால், ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை விதிகளைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது, அவர் உறவினர் பெயரையும் போடக்கூடாது என்று இருக்கிறது. எல்லாரும் பார்க்கிற சுவரில்!

இன்னொரு கவலையும் உண்டு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தின் 8-ம் பிரிவைத் திருத்துகிறது. முன்பு, பொதுக் காரியத்தோடு சம்பந்தம் இல்லாத சொந்த விஷயம் என்றால்தான் மறுக்கலாம், அதையும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று இருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. திருத்தம் அதையெல்லாம் எடுத்துவிட்டு 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) இருக்கிறது, சரி, ஆனால் அதை முதலில் தீர்மானிப்பது அதே அலுவலகம்தானே. ராஜஸ்தானில் 1994-லிருந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற கூலித்தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணைகளில் மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை) ஊர் நடுவே பெயர் பெயராக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்று 1996-ல் அங்கே பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள், அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியில்தான் இந்தத் தகவல் சட்டமே வந்தது. பெயரை மறைத்துவிட்டுத் தொகையை மட்டும் கொடுத்தால் அந்த மக்கள் எதைக் கண்டுபிடித்திருப்பார்கள்? ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் மறையுங்கள், அது நியாயம். வீட்டுத் திட்டத்தில் வீடு வாங்கியவர் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும்.

அரசுக்கு என் வேண்டுகோள் இதுதான். கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னால், செலவை ஒரே வரியில் இல்லாமல் பில் வாரியாக, தேதி, வேலை, தொகை என்று தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் தாளில் அடித்து ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பால் சொசைட்டியிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஜனங்கள் வீட்டில் பேசிவிட்டு வரட்டும். எங்கள் ஊரில் ஒட்ட இடம் இல்லையென்றால் என் கடையின் முன்சுவர் இருக்கிறது, மழையில் நனையாமலும் யாரும் கிழிக்காமலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
சிவகங்கை மாவட்டம்