மெஷினை மூடி வைத்த அண்ணனுக்கு

நேற்று மகனின் கையிலிருந்து அந்த நீளக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது போதுமாம். எம்ஆர்ஐ படத்தில், மூளையில் சீழ்க்கட்டி இருந்த இடத்தில் சின்னத் தழும்பு மாதிரி ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். நடந்ததெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

மண்டையோட்டில் சிறு துளையிட்டுச் சீழை உறிஞ்சி எடுத்த மருத்துவர்கள், சைனஸைச் சுத்தம் செய்தவர்கள், நள்ளிரவிலும் நேரம் தவறாத தாதியர், சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்த எங்கள் புளோக்கில் இருக்கும் மலாய் அம்மா மக்சிக், ரசம் கொடுத்துவிட்ட அக்காமார், எல்லோருக்கும் நன்றி. நேரில் வருவேன்.

இந்த மடல் முக்கியமாகச் சிங்கப்பூர் தேக்காவில் முடிவெட்டும் அண்ணனுக்கு. பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அப்போது நாலாவது வாரம். தையல் பிரித்தாயிற்று. மழித்த பக்கம் முள்முள்ளாக முடி, மறுபக்கம் காதை மூடிக்கொண்டு. தொப்பியைக் கழற்றவே அவ்வளவு கெஞ்ச வேண்டியிருந்தது. மெஷின் 'உர்ர்' என்றதும் நாற்காலியிலிருந்து குதித்து என் பின்னால் ஒளிந்தான். அறுவைக்கு முன் தலையை மழித்தபோது கேட்ட சத்தம் அது.

அண்ணன் தழும்பைப் பார்த்தார், கையில் குழாய்க்கு மேல் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மெஷினை டிராயருக்குள் வைத்து மூடினார். "சரி தம்பி, கத்தரிக்கோலே போதும்." முக்கால் மணி நேரம் வெட்டினார். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். முடித்துவிட்டு, "கிருதா எவ்வளவு வைக்கட்டும்?" என்றார். ஒன்பது வயதுக்கு ஏது கிருதா? அவன் சிரித்துவிட்டான்.

காசு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பரிதாபத்தைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைக்கு அலுத்திருந்தது. அவரோ வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை அவன் கையிலேயே எண்ணிக் கொடுத்தார்.

வெறும் சளி என்றுதான் நானும் இருந்தேன். சைனஸில் தேங்கிய கிருமி மூளைக்கு ஏறும் என்று யார் கண்டது? காதுச் சீழ், சொத்தைப் பல், பிறவி இதயக் கோளாறு இவற்றாலும் வரலாமாம். அபூர்வம்தான். ஆனாலும் காய்ச்சலும் தலைவலியும் விடாமல் இருந்து, பிள்ளை வாந்தியெடுத்துச் சோர்ந்து தூங்கி வழிந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று இனிப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லத்தான் போகிறேன். தொணதொணப்பு என்று நினைத்தாலும் சரி.

அடுத்த மாதம் வருகிறோம் அண்ணே. கிருதா வேண்டும் என்கிறான்.