அம்மாவின் சேலையும் குட்டியின் தங்க ரதமும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தைப்பூசத்தன்று ஒரு தண்ணீர்ப்பந்தலையும் விடாமல் ரோஸ் சிரப் குடித்ததன் பலன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம். குரல் கம்மினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

அம்மாவின் மாம்பழ நிறச் சேலை வெட்டுப்பட்டுவிட்டது. ஆவணியில் கல்யாணத்துக்குக் கட்டுவேன் என்று நீ சொல்லி வைத்திருக்கிறாயே, அதேதான். முந்தானை ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு போய்விட்டது. வெட்டியது குட்டி. வெட்டும்படி விட்டது நான்.

அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன வேலை இது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேலையைப் பிரித்து, பழைய மடிப்பிலேயே மறுபடி விழாமல் மாற்றி மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பில் ஜரிகை முறியும். பிளாஸ்டிக் பை ஆகாது, வெள்ளை வேட்டியில் சுற்ற வேண்டும். அந்துருண்டை மேலே படக் கூடாது. இந்த ஊர் ஈரக்காற்றுக்கு ஜரிகை கறுத்துவிடும் என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள். அவள் போன பிறகு ஒருமுறைகூட நான் தவறவிட்டதில்லை. அன்றைக்கும் கட்டிலில் விரித்துப்போட்டு ஆற வைத்திருந்தேன். கீழே கோப்பிக் கடையிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் என்று போனவன், பென்ஷன், முட்டிவலி, ஓடாத லிப்ட் எல்லாம் பேசி முடித்து ஒரு மணி நேரம் கழித்து ஏறி வந்தேன்.

குட்டியின் பக்கத்து நியாயத்தையும் கேள். இந்த வருஷம் தைப்பூசத்தில் அவளைத் தோளில் வைத்து வெள்ளி ரதம், தங்க ரதம் இரண்டையும் காட்டினேன். தங்க ரதம் 2017இல் வந்ததுதான், ஆனால் ஐந்து வயதுக்காரிக்கு அது ஆதிகாலத்திலிருந்து ஓடுகிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து மைலோ பெட்டிகளில் ரதம் செய்துகொண்டிருந்தாள். வெள்ளி ரதத்துக்கு அண்ணியின் அலுமினியத் தாள் கிடைத்துவிட்டது. தங்கத்துக்கு எங்கே போவாள்? தாத்தாவின் கட்டிலில் விரித்துக் கிடந்தது. அண்ணியின் தையல் பெட்டியிலிருந்து பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் அவள் தொடையில் ஓர் அடி வைத்துவிட்டேன், பாப்பா. உங்கள் இருவர் மேலும் நான் கை வைத்ததில்லை. பிரம்பு அம்மாவின் இலாகா. குட்டி அழவில்லை. வெட்டின இடத்தைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, சேலைக்கு ரத்தம் வருது" என்றாள். ஜரிகை அறுந்த இடத்தில் சிவப்பு நூல் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தாள். அதற்குமேல் எனக்கு நிற்க முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சேலையை எடுத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் ஒரு வயதான தையற்காரரிடம் போனேன். சிவப்பு நூலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புப் பட்டு நூல்தான் இருக்குமாம். வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி அதன்மேல் சுற்றி, பொன்முலாம் பூசுவார்களாம். "உங்கள் மாமியார் ஏமாறவில்லை" என்றார். எவ்வளவு பெரிய வழக்கு இது தெரியுமா? 1984இல் அம்மாச்சி எங்கள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போய், காஞ்சிபுரம் வரை சென்று வாங்கி, 'சிதம்பரம்' கப்பலில் கொண்டுவந்த சேலை. (மறுவருஷம் அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணமும் போயிற்று.) உன் தாத்தாவோ சாகும்வரை, "செப்புக் கம்பியை உன் தலையில் கட்டிவிட்டான்" என்று அம்மாச்சியைச் சீண்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் இல்லாத நேரத்தில் தீர்ப்பு வந்திருக்கிறது.

மஞ்சள் உடலையும் பச்சைக் கரையையும் தனித்தனி நாடாவில் (தறியில் குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) ஓட்டிக் கோர்வையாக நெய்திருப்பதையும் காட்டினார். பழைய நாளில் தறியின் மறுபக்கம் உட்கார்ந்து நாடாவை வாங்கித் தள்ள ஒரு சின்னப் பையன் இருப்பானாம். இரண்டு வழி சொன்னார். வெட்டிய துண்டைக் கொண்டுவந்தால் பின்னால் துணி கொடுத்து இழை சேர்த்துப் பொருத்தலாம், ஆனால் கோடு தெரியும். இல்லாவிட்டால் முந்தானையில் ஒரு சாண் வெட்டி மடித்துத் தைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. "பொண்ணு என்ன உயரம்?" என்று கேட்டார். கொம்தார் கோபுரம் என்று அண்ணன் உன்னைக் கேலி செய்வானே, அதையா சொல்ல முடியும்? கொஞ்சம் உயரம் என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்து, கத்தரியைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைத்தாய் என்று அண்ணியைத் திட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. இரவு பத்து மணிக்குத்தான் அவளிடம் போய், சேலையை வெளியே போட்டது நான்தான் அம்மா என்றேன். "தெரியும் மாமா, கட்டிலில் வேட்டி கிடந்ததே" என்றாள். அதைத் துவைத்து மடித்தும் வைத்துவிட்டாள். மறுநாள் அண்ணனிடமும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பசியாற அவனே ரொட்டி சானாய் வாங்கி வந்தான், அண்ணிக்கு முட்டை போட்டது.

துண்டு இன்னும் ரதத்தில்தான் இருக்கிறது. வெள்ளைப் பசையால் நாலு பக்கமும் அழுத்தி ஒட்டியிருக்கிறாள். தண்ணீரில் ஊறவைத்தால் பசை போகும், சாயமும் ஓடலாம் என்கிறார் தையற்காரர். ரதம் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. காலையில் பாலர் பள்ளிக்குப் போகுமுன் அதற்கு ஒரு பூ வைத்துவிட்டுத்தான் போகிறாள். என் அறைக்குள் மட்டும் வருவதில்லை. வாசலில் நின்று கூப்பிடுகிறாள்.

பிய்ப்பதா, குறைப்பதா, நீதான் சொல்ல வேண்டும். அம்மா அதை உனக்கென்று வைத்தாள். என்னைக் கேட்டால் குறைத்துவிடலாம். உன் உயரத்துக்கு முந்தானை இடுப்போடு நின்றுவிடுமோ என்றுதான் யோசனை. உனக்குக் கோபம் வந்தால் என்னிடம் காட்டு, நியாயம்தான்.

கடிதம் மெல்பர்ன் வந்து சேரும்வரை ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்றும் நடக்காதது போலத்தான் பேசுவேன். குட்டி ரதத்தைத் தூக்கிக் காட்டுவாள். தங்கம் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்காதே.

அன்புடன்,
அப்பா